மண்டபம் சாலையில் ஒரு கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பயிற்சி: கட்டணத்துக்குத் தகுமா?

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் செல்லும் நெடுஞ்சாலையில், உச்சிப்புளிக்குச் சற்று அப்பால், முன்பு ஐஸ் கம்பெனியாக இருந்த கட்டடம் ஒன்றில் தனியார் தொழிற்பயிற்சி மையம் ஒன்று இயங்கி வருகிறது. வெல்டிங், சாரம் கட்டுதல், தொழில்முறை நீர்மூழ்குதல் ஆகிய வகுப்புகளோடு, அணுமின் நிலையங்களுக்கு ஒப்பந்தப் பணிக்குச் செல்லும் இளைஞர்களுக்கான கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குறும்பயிற்சியையும் அது நடத்துகிறது. கட்டணம் 6,500 ரூபாய். தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தனியாகக் கட்ட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத 61 நாள் தடைக்காலத்தில்தான் இந்த வகுப்பு நிரம்பி வழிகிறது. சேருவோரில் சிலர் கூடங்குளத்துக்கும் கல்பாக்கத்துக்கும் உலையை நிறுத்திவைக்கும் ஷட்டவுன் காலப் பராமரிப்பு வேலைக்குப் போக நினைப்பவர்கள்; சிலர் அபுதாபியின் பராக்கா நிலையத்தை மனத்தில் வைத்திருப்பவர்கள். வளைகுடா நாடுகளுக்குப் போய்வருவது இக்கரையோர ஊர்களுக்குப் புதிதல்ல என்பதால், அங்கே நான்கு உலைகள் ஓடுகின்றன என்ற செய்தி இங்கே வேலைவாய்ப்பாகவே கேட்கப்படுகிறது.

கல்பாக்கத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், தங்கை மகன் இந்த வகுப்பில் சேர்ந்திருந்ததாலும், பொறுப்பாளரின் அனுமதியோடு கடைசி வரிசையில் அமர்ந்து பாடங்களையும் செய்முறைகளையும் பார்த்தேன். மையத்தின் பெயரை எழுதவில்லை. அந்தச் சாலையில் போய்வருபவர்களுக்கு அடையாளம் தெரியும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்குள்ள செய்முறை அறைக்காகச் சேரலாம், சான்றிதழுக்காகச் சேரத் தேவையில்லை. அதோடு, அந்தச் செய்முறை அறையிலேயே நான் கண்ட ஒரு பழக்கத்தை மையம் அடுத்த வகுப்புக்கு முன்பே கைவிட்டாக வேண்டும்.

பயிற்சியின் பெரும்பகுதி ஒரே பொருளைப் பற்றியது. அணுமின் நிலையத்துக்குள் கதிர்வீச்சு அதிகமாக உள்ள இடங்களுக்குள் யார் நுழையலாம், எப்போது, எவருடைய அனுமதியின் பேரில், எவ்வளவு நேரத்துக்கு என்பதை நிலையம் எப்படிக் கட்டுப்படுத்துகிறது, அந்தக் கட்டுப்பாட்டுக்குள் ஒரு தொழிலாளி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே அது. இதைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. பொதுவான அணு அறிவியலைப் பள்ளிப் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம். ஒப்பந்தத் தொழிலாளி தன் உடலில் வாங்கும் டோஸ், அதாவது கதிர்வீச்சின் அளவு, பெரும்பாலும் இத்தகைய சில அறைகளில், சில நிமிடங்களில் வாங்குவதுதான்.

எண்களைப் பார்த்தால் காரணம் விளங்கும். நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்துள்ள விதிப்படி, கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவர் தொடர்ச்சியான ஐந்து ஆண்டுகளில் 100 மில்லிசீவெர்ட்டுக்கு (டோசை அளக்கும் அலகு இது) மேல், அதாவது ஆண்டுச் சராசரியாக 20-க்கு மேல், வாங்கக் கூடாது. எந்தத் தனி ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. மணிக்கு 10 மில்லிசீவெர்ட் வீதமுள்ள ஓர் அறையில் இரண்டு மணி நேரம் நின்றால் அந்த ஆண்டுச் சராசரி அங்கேயே தீர்ந்துவிடும். அமெரிக்க விதிகளில், கதிர்வீச்சு மூலத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு மணி நேரத்தில் 1 மில்லிசீவெர்ட்டுக்கு மேல் கிடைக்கக்கூடிய இடம் உயர் கதிர்வீச்சுப் பகுதி. ஒரு மீட்டர் தொலைவில் ஒரு மணி நேரத்தில் 5 கிரேக்கு (காமா கதிரில் ஒரு கிரே ஏறத்தாழ 1,000 மில்லிசீவெர்ட்) மேல் கிடைக்கக்கூடிய இடம் மிக உயர் கதிர்வீச்சுப் பகுதி. முழு உடலிலும் ஏறத்தாழ 4 கிரே பட்டால், சிகிச்சை இல்லாத நிலையில் பாதிப்பேர் பிழைக்க மாட்டார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இரண்டாவது வகை அறையின் கதவு எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

வகுப்பறைப் பாடங்களைப் பற்றி எனக்கு நிறைவும் குறையும் கலந்தே இருக்கின்றன. ஆசிரியர் தமிழிலேயே பேசுகிறார். டோஸ், டோஸ் வீதம், பெர்மிட் (உள்ளே வேலை செய்வதற்கான எழுத்து அனுமதி), பேட்ஜ் (டோசைப் பதிவு செய்ய உடலில் அணிவது) என்று நிலையத்தில் உண்மையில் புழங்கும் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தெளிவான தமிழில் சொல்கிறார். மொத்தமாக வாங்கிய டோசுக்கும், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்ற டோஸ் வீதத்துக்கும் உள்ள வேறுபாடு புரியாமல் எத்தனையோ பேர் பணியில் சேர்ந்து பார்த்திருக்கிறேன்; இங்கே முதல் நாளிலேயே அந்தக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. மணிக்கு ஆறு மில்லிசீவெர்ட் வீதமுள்ள இடத்தில் 0.3 மில்லிசீவெர்ட் மட்டுமே அனுமதி என்றால் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று கேட்டு, மூன்று நிமிடம் என்ற விடையை வரவழைத்த பிறகு, அந்த மூன்று நிமிடத்துக்குள் ஏணியில் ஏறி இறங்கும் நேரமும் அடங்கும் என்று அவர் நினைவூட்டிய விதம் நன்றாக இருந்தது.

ஆனால் கையில் கொடுக்கும் குறிப்பேடு அமெரிக்க ஆவணங்களிலிருந்து எடுத்துத் தொகுக்கப்பட்டது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் உயர் கதிர்வீச்சுப் பகுதிகளுக்கான நுழைவுக் கட்டுப்பாடு குறித்து 1993-இல் வெளியிட்ட 8.38 என்ற எண்ணுள்ள வழிகாட்டி மிக நல்ல ஆவணம்தான். அதைப் பின்பற்றியதில் தவறில்லை. ஆயினும் அந்த நாட்டு வரையறைகளை இந்தியச் சட்டம் போலச் சொல்லித் தருவதும், பாதிப் பக்கங்களில் ரெம் அலகையும் மீதிப் பக்கங்களில் சீவெர்ட் அலகையும் கலந்து வைத்திருப்பதும் படிப்பவரைத் தடுமாற வைக்கும். நூறு ரெம் ஒரு சீவெர்ட் என்று ஓரிடத்தில் மட்டும், அதுவும் அடிக்குறிப்பாக, எழுதியிருக்கிறார்கள். நம் நிலையங்களில் சுத்தமான பகுதியிலிருந்து படிப்படியாக உள்ளே போகும் மண்டலப் பிரிப்பு, ஒவ்வொரு மண்டல எல்லையிலும் காலணியையும் மேலாடையையும் மாற்றும் ரப்பர் ஸ்டேஷன், வெளியே வரும்போது கையையும் காலையும் சோதிக்கும் கருவி ஆகியவற்றுக்குக் குறிப்பேட்டில் ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படவில்லை. இந்தப் பையன்கள் முதல் நாள் சந்திக்கப் போவது அவற்றைத்தான்.

இன்னொரு குறை கணக்கு சார்ந்தது. தொலைவை இருமடங்காக்கினால் டோஸ் வீதம் நான்கில் ஒன்றாகும் என்ற விதியை ஆசிரியர் எல்லா இடத்துக்கும் பொருத்துகிறார். அது சிறிய புள்ளி போன்ற மூலத்துக்கு உரிய விதி. நிலையத்தில் தொழிலாளி எதிர்கொள்வது பெரும்பாலும் நீண்ட குழாய். குழாயின் அருகில் நிற்கும்போது தொலைவை இருமடங்காக்கினால் வீதம் ஏறத்தாழப் பாதியாகத்தான் குறையும். நான்கில் ஒன்று என்று நம்பி நிற்பவர் எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டு வருவார். இடைவேளையில் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். மறுக்காமல் கேட்டுக்கொண்டு மறு வகுப்பிலேயே திருத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனிச் செய்முறை அறை. இந்த மையத்தில் பணம் கொடுக்கத் தகுந்தது இதுதான். பழைய ஐஸ் கம்பெனியின் குளிரூட்டு அறைகளை அப்படியே பயன்படுத்தி, பிளைவுட் தடுப்புகளாலும் பயனற்ற குழாய்களாலும் வால்வுகளாலும் ஒரு சிறு பம்பு அறையையும் அதற்கு வெளியே ஒரு நுழைவுக் கூடத்தையும் அமைத்திருக்கிறார்கள். உண்மையான கதிர்வீச்சு மூலம் எதுவும் இல்லை, இருக்கவும் கூடாது. அதற்குப் பதிலாகச் சிறிய ரேடியோ டிரான்ஸ்மிட்டர்களை வால்வுகளுக்குப் பின்னால் மறைத்து வைத்து, அவற்றின் அருகே போனால் எண் கூடும்படி கைமீட்டர்களையும், வாங்கிய டோசைக் காட்டும் சட்டைப்பை டோசிமீட்டர்களையும் அமைத்திருக்கிறார்கள். பயிற்சி பெறுபவரின் கண்ணுக்கு அது அசல் போலவே நடந்துகொள்கிறது. குழாய் வளைவில், வால்வின் அடிப்பகுதியில் எண் திடீரென்று ஏறுகிறது. அசல் நிலையத்திலும் துருத் துகள்கள் படிந்து கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் சேரும் இடங்கள் இவைதாம் என்பதால், இதை அமைத்தவர் வேலை தெரிந்தவர் என்று முதல் பார்வையிலேயே புரிந்துகொண்டேன்.

பயிற்சி நடக்கும் முறை இப்படி. நான்கு பேர் கொண்ட குழு பெர்மிட்டை வாசித்து, வேலை என்ன, எதிர்பார்க்கும் டோஸ் வீதம் என்ன, டோசிமீட்டர் எந்த அளவில் ஒலிக்கும்படி வைக்கப்பட்டுள்ளது என்பவற்றைத் தம் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவர் நுழைவுக் கூடத்திலேயே நிறுத்தப்படுவார். அறையின் சாவி ஷிப்ட் பொறுப்பாளராக நடிக்கும் ஒருவரிடம் மட்டும் இருக்கும். அவர் பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதிக் கையொப்பம் வாங்கிய பிறகே தருவார். வேலை முடிந்ததும் கதவைப் பூட்டியவர் ஒருவர், பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பவர் வேறொருவர். இந்த இரண்டாவது ஆளை வேண்டாத சடங்காகப் பலர் நினைப்பார்கள். உள்ளே மணிக்கு 10 மில்லிசீவெர்ட்டுக்கு மேல் உள்ள அறையின் தாழ் சரியாக விழாமல் கதவு வெறுமனே சாத்திக் கிடந்தால், அடுத்து அந்த வழியாகத் துடைப்பத்தோடு வருபவருக்கு அது வெறும் அறைதான்.

ஒரு குழுவில், முதலில் உள்ளே போய் வந்தவர் சாவியைப் பொறுப்பாளரிடம் திருப்பாமல், அடுத்துப் போக வேண்டிய தன் ஊர்க்காரரிடமே நேராகக் கொடுத்துவிட்டார். நல்லெண்ணத்தில் செய்ததுதான், பத்தடி நடையை மிச்சப்படுத்தினார். பயிற்சியாளர் உடனே விசில் ஊதி எல்லாரையும் நிறுத்தி, "இப்ப உள்ள யாரு இருக்கான்னு பதிவேட்டப் பாத்துச் சொல்லுங்க தம்பி" என்று கேட்டார். பதிவேட்டின்படி உள்ளே இருந்தவர் வெளியே நின்றுகொண்டிருந்தார். வெளியே இருக்க வேண்டியவர் உள்ளே இருந்தார். அதற்கு மேல் அவர் எதுவும் விளக்கவில்லை, விளக்க வேண்டியும் இருக்கவில்லை. சாவிக் கட்டுப்பாடு எதற்கு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லித் தந்த வகுப்பை என் பணிக்காலத்திலும் அதிகம் பார்த்ததில்லை.

தடுப்புகள் பற்றிய பயிற்சியும் குறிப்பிடத்தக்கது. பெரிய கூடத்தின் நடுவே ஒரு மூலையில் மட்டும் கதிர்வீச்சு அதிகமாக இருந்தால் அங்கே சுவரெழுப்பிக் கதவு வைக்க முடியாது; கயிறோ கம்பித் தடுப்போ கட்டி, எச்சரிக்கைப் பலகை மாட்டி, மின்னும் விளக்கு வைப்பார்கள். இங்கும் அப்படி ஒரு மூலை உண்டு. தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் அருகிலிருந்த சாரத்தில் ஏறி, தடுப்பின் மேலாக மறுபுறம் இறங்கிவிட்டான்; பலகை அவன் கண் மட்டத்துக்குக் கீழே இருந்ததால் பார்க்கவேயில்லை என்றான். அவனைக் கண்டிக்காமல், சாரம் கட்டிய குழுவை அழைத்து, நீங்கள் கட்டிய சாரம் இன்னொருவருடைய தடுப்புக்கு மேல் வழி திறந்துவிட்டது என்று பயிற்சியாளர் காட்டினார். சாரம் கட்டும் வகுப்பும் இதே வளாகத்தில் நடப்பதால் கிடைக்கும் நன்மை இது. வேறிடத்தில் இப்படி ஒரு பாடம் கிடைக்காது.

இவ்வளவு நன்றாக அமைத்த அறையில்தான் அந்தத் தவறான பழக்கத்தையும் பார்த்தேன். கதவில் பொருத்தியிருந்த காந்தப் பூட்டு பழுதாகிவிட்டதாம். அதற்குப் பதிலாக, குழு உள்ளே போனதும் உதவியாளர் வெளியிலிருந்து ஒரு சாதாரணப் பூட்டைப் போட்டுவிட்டு, வேலை முடிந்ததாக உள்ளிருந்து தட்டினால் திறக்கிறார். இதை நான் ஒரு முறையல்ல, அடுத்தடுத்த குழுக்களிலும் பார்த்தேன். உயர் கதிர்வீச்சுப் பகுதியின் நுழைவுக் கட்டுப்பாடு எந்த நிலையிலும் உள்ளே இருப்பவர் வெளியேறுவதைத் தடுக்கக் கூடாது என்பது இந்தத் துறையின் அடிப்படை விதிகளில் ஒன்று. அவர்களே பின்பற்றுவதாகச் சொல்லும் அமெரிக்க விதிகளிலும் அது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்க முடியாததும், உள்ளிருந்து ஒரே தள்ளில் திறப்பதுமான கதவுதான் சரியான கதவு. அறையில் ஒரு குழாய் கசியலாம், விளக்கு அணையலாம், ஒருவர் மயங்கி விழலாம், டோசிமீட்டர் அலறலாம். அந்த நேரத்தில் வெளியே நிற்கும் உதவியாளர் டீ குடிக்கப் போயிருக்கலாம். கதிர்வீச்சே இல்லாத பயிற்சி அறைதானே என்று பொறுப்பாளர் சமாதானம் சொன்னார். பிளைவுட்டும் மின்கம்பியும் நிறைந்த, ஜன்னல் இல்லாத பழைய குளிர் அறையில் ஆட்களை வைத்து வெளியே பூட்டுவது தீ விபத்து நோக்கில் பார்த்தாலும் குற்றம். அதைவிட, உள்ளே போனால் வெளியே பூட்டுவார்கள் என்று பழகிய தொழிலாளி நாளை அசல் நிலையத்தில் அப்படி ஒரு கதவைக் கண்டால் கேள்வி கேட்க மாட்டார். ஒரு தள்ளுகம்பித் தாழுக்கு ஆகும் செலவு ஒரு மாணவரின் கட்டணத்தைவிட அதிகமிராது.

பாடத்திட்டத்தில் எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. கதவு, சாவி, பலகை, பெர்மிட் எல்லாவற்றையும் நன்றாகவே கற்றுத் தருகிறார்கள்; ஆனால் கதவுக்குப் பின்னால் இருக்கும் அறை காலையில் இருந்ததைப் போல மாலையில் இருக்காது என்பதை எங்கும் கற்றுத் தரவில்லை. மறைத்து வைத்த டிரான்ஸ்மிட்டர்கள் பயிற்சி முழுவதும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்கின்றன. இரண்டாவது முறை உள்ளே போகும் பையன் மீட்டரைப் பார்ப்பதேயில்லை. எந்த வால்வு ஆபத்தானது என்று அவனுக்கு மனப்பாடமாகிவிட்டது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது பாக் நீரிணைப் பக்கம் அமைதியாக இருப்பதையும், வாடை தொடங்கியதும் அது அப்படியே மாறிவிடுவதையும் அறிந்து, படகை எந்தப் பக்கம் கட்டுவது என்று தீர்மானிக்கும் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது கடினமேயில்லை.

உலை ஓடிக்கொண்டிருக்கும்போது குளிர்விக்கும் நீரிலுள்ள ஆக்சிஜன் நியூட்ரான் பட்டு நைட்ரஜன்-16 ஆக மாறுகிறது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 7 விநாடிதான், ஆனால் அது வெளிவிடும் காமா கதிர் மிகவும் ஊடுருவக்கூடியது. ஆகவே உலை ஓடும்போது எவரும் நெருங்க முடியாத குழாய் அறைக்குள், உலை நின்று சில நிமிடங்களிலேயே அந்தக் கதிர் இல்லாமல் போகிறது. எஞ்சுவது படிந்த துகள்களின் கதிர்வீச்சு மட்டுமே. எதிர்த்திசையிலும் மாற்றம் நடக்கும். நீரைச் சுத்திகரித்து, அதிலிருந்த கதிரியக்கப் பொருளைத் தேக்கிக்கொண்டு ஓய்ந்த ரெசின் மணிகளை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, அதுவரை சாதாரணமாக இருந்த நடைவழிக் குழாய் சில நிமிடங்களில் உயர் கதிர்வீச்சுப் பகுதியாகிவிடும். பயன்படுத்திய எரிபொருளை உலைப் பக்கத்திலிருந்து அதைச் சேமிக்கும் நீர்க்குளத்துக்குக் கடத்தும் குழாயின் அருகே சுவரில் ஓர் இடைவெளி இருந்தால், எரிபொருள் கடக்கும் அந்தச் சிறிது நேரம் மட்டும் அங்கே உயிருக்கே ஆபத்தான அளவு வீசும். மற்ற நேரங்களில் ஒன்றுமிராது. உலைக்கலத்தின் அடியிலிருந்து உள்ளே செல்லும் அளவீட்டுக் குழாய்களைக் கொண்ட அழுத்தநீர் உலைகளில், அவற்றை வெளியே இழுத்து வைத்திருக்கும்போது கலத்தின் கீழுள்ள குழி மிக உயர் கதிர்வீச்சுப் பகுதி. அறை அதேதான், கதவும் அதேதான். வேறோர் இடத்தில் ஒருவர் ஒரு வால்வைத் திருப்பியதில் எல்லாம் மாறிவிடுகிறது. அதனால்தான் பெர்மிட்டுக்கு நேர வரம்பு இருக்கிறது. நேற்றைய அளவீட்டை வைத்து இன்று உள்ளே விடுவதில்லை.

இதற்கு எடுத்துக்காட்டு தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 2003 ஜனவரியில் கல்பாக்கம் எரிபொருள் மறுபதப்படுத்தும் ஆலையின் கழிவுத் தொட்டிப் பகுதியில், ஒரு வால்வு சரியாக அடைபடாததால், குறைந்த கதிரியக்கக் கழிவுக்கான தொட்டிக்குள் உயர் கதிரியக்கக் கழிவு வந்து சேர்ந்துவிட்டது. அது தெரியாமல், வழக்கமான வேலை என்றே எண்ணி மாதிரி எடுத்த பணியாளர்கள் உட்பட ஆறு பேர் ஆண்டு வரம்பை மீறிய டோசை வாங்கினார்கள். அந்த இடத்தில் அப்போது எச்சரிக்கும் அளவீட்டுக் கருவி பொருத்தப்பட்டிருக்கவில்லை. இவர்களில் யாரும் எந்தத் தடுப்பையும் தாண்டிக் குதிக்கவில்லை, எந்தச் சாவியையும் திருடவில்லை. கல்பாக்கத்துக்கே ஆள் அனுப்பும் மையத்தின் பாடத்தில் இந்த நிகழ்வு ஒரு வரியிலும் இடம்பெறாதது எனக்கு வியப்பாக இருந்தது. பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு டிரான்ஸ்மிட்டரின் அளவைச் சத்தமில்லாமல் கூட்டிவிட்டு, யார் மீட்டரைப் பார்க்கிறார், யார் பார்க்கவில்லை என்று கவனித்தால் போதும். கருவி ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது.

நீர்மூழ்குபவர்களுக்கான இணைப்பு வகுப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துச் சங்கு குளிக்கும் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்கள் இதில் அதிகம். மூச்சடக்குவதிலும் நீருக்கடியில் கைவேலை செய்வதிலும் இவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடல்நீர் உள்வாங்கும் பகுதியைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனால் கதிர்வீச்சுப் பிரச்சினையே கிடையாது. ஆனால் சில நாடுகளில் எரிபொருள் குளங்களுக்குள்ளும் மனிதரை இறக்குவதுண்டு. அங்கே கடலில் பழகிய அறிவே எதிராக வேலை செய்யும். நீர் மிகச் சிறந்த கவசம் என்பதால், குளத்தின் கரையில் நிற்பவரின் மீட்டர் எதையும் காட்டாது. அதே காரணத்தால், மூலத்தை நோக்கி ஒரு கை நீளம் நெருங்கினாலே டோஸ் வீதம் பல மடங்கு ஏறிவிடும். அடியில் கிடக்கும் பொருளை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வது சங்கு குளிப்பவருக்கு இயல்பு. 2010 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் லைப்ஷ்டாட் நிலையத்தில், பராமரிப்புக்காகக் குளத்தில் இறங்கிய நீர்மூழ்குபவர் ஒருவர் அடியில் கிடந்த ஒரு குழாய்த் துண்டை எடுத்துக் கருவிக் கூடையில் வைத்தார். கூடையை மேலே தூக்கும்போது குளக்கரையின் எச்சரிக்கைக் கருவி அலறியது. அது உலைக்குள் இருந்து கதிரியக்கம் ஏறிய துண்டு. கைகளுக்கான ஆண்டு வரம்பு 500 மில்லிசீவெர்ட். அவருடைய கை வாங்கியது அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல்.

இந்த நிகழ்வை ஆசிரியர் சொன்னபோது வகுப்பில் ஒருவர்கூட அசையவில்லை. தொடர்ந்து, இறங்குமுன் குளத்தின் அடியை முழுவதும் அளந்து முடிப்பது, தலை, மார்பு, கை, கால் என்று தனித்தனி டோசிமீட்டர் கட்டுவது, மேலிருப்பவர் அளவைப் பார்த்துக்கொண்டே பேசுவது, எல்லை தாண்ட முடியாதபடி இடுப்புக் கயிற்றின் நீளத்தைக் கட்டுப்படுத்துவது ஆகியவற்றைச் செய்துகாட்டினார்கள். கயிற்றைப் பிடித்திருப்பவர் இழுத்தால் எதிர்க்கேள்வி கேட்காமல் மேலே வர வேண்டும் என்பதை மட்டும் பல முறை திரும்பச் செய்யவைத்தார்கள். வகுப்பில் மிகச் சிறந்த பகுதி இது. ஆனால் நீர்மூழ்கும் பிரிவில் சேர்ந்தவருக்கு மட்டுமே கிடைக்கிறது. வெல்டருக்கும் சாரம் கட்டுபவருக்கும் அந்தக் குழாய்த் துண்டின் கதையையாவது சொல்லலாம்.

பேட்ஜ் பற்றிய பாடத்தில் மையம் காட்டிய நேர்மையைப் பாராட்டுகிறேன். தினக்கூலிக்காரருக்கு டோஸ் வரம்பை நெருங்கினால் அந்த வேலை போய்விடும் என்பதால், பேட்ஜைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே போகும் ஆசை வரும். இதைப் பெரும்பாலான பயிற்சிகள் பேசவே பேசாது. இங்கே முன்பு ஒப்பந்த மேற்பார்வையாளராக இருந்த ஒருவரை அழைத்துப் பேச வைத்தார்கள். மேற்பார்வையாளரே அப்படிச் சொன்னால் என்ன செய்வது என்று என் தங்கை மகன் கேட்டான். நிலையத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவினர் ஒப்பந்தக்காரருக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர், நேராக அவர்களிடம் போ என்று அவர் பதில் சொன்னார். சரியான பதில். டோஸ் பதிவு தொழிலாளியின் உடலைப் பற்றிய ஆவணம். பிற்காலத்தில் நோயோ இழப்பீட்டுக் கோரிக்கையோ வந்தால் அவர் பக்கம் பேசுவது அதுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

எச்சரிக்கைக் குறிகளைப் பற்றிய பாடம் சுமார். கதிர்வீச்சுக்கான வழக்கமான மூவிலைக் குறியை மட்டும் காட்டி முடித்துவிட்டார்கள். படிப்பறிவு இல்லாதவருக்கும் ஆபத்து புரிய வேண்டும் என்று 2007-இல் சர்வதேச அணுசக்தி முகமை அறிமுகப்படுத்திய, கதிர் அலைகளும் மண்டையோடும் ஓடும் மனிதனும் உள்ள சிவப்புக் குறியை இவர்களில் எவரும் பார்த்ததில்லை. தங்குமிடம் சுத்தமாக இருக்கிறது, தண்ணீர் உப்பாக இருக்கிறது, மதியச் சாப்பாட்டில் மீன் குழம்பு குறை சொல்ல முடியாதது. செய்முறை அறையில் மின்விசிறி போதாது. அசல் நிலையத்தில் பிளாஸ்டிக் உடையும் முகமூடியும் அணிந்து வேலை செய்யும்போது இதைவிட வேர்க்கும் என்பதால் அதைக் குறையாக எழுதவில்லை.

சான்றிதழைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். அதில் "உயர் கதிர்வீச்சுப் பகுதிகளில் பணிபுரியத் தகுதி பெற்றவர்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அத்தகைய தகுதியை வழங்க இந்த மையத்துக்கு அதிகாரம் இல்லை. எந்த அணுமின் நிலையமும் தன் வாசலில் மருத்துவப் பரிசோதனை செய்து, தன் பயிற்சியைக் கொடுத்து, தேர்வு வைத்து, பேட்ஜ் வழங்கிய பிறகே ஆளை உள்ளே விடும். 18 வயது நிறையாதவரைக் கதிர்வீச்சுப் பணியில் அமர்த்தவே முடியாது. இந்தத் தாளைக் காட்டினால் நேராக வேலை என்று எவராவது இடைத்தரகர் சொன்னால், அவரிடம் பணம் கொடுக்காதீர்கள். பொறுப்பாளரிடம் அந்த வரியை "அறிமுகப் பயிற்சி முடித்தவர்" என்று மாற்றும்படி கேட்டுக்கொண்டேன், செய்வதாகச் சொன்னார். ஆனால் பேருந்து நிலையச் சுவரில் புதிதாக ஒட்டியிருக்கும் விளம்பரத் தாளிலும் பழைய வரியே இருக்கிறது.

சேர விரும்புவோர் செய்முறைக் குழுவில் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். நான்குக்கு மேல் என்றால் வேடிக்கை பார்ப்பதிலேயே நேரம் போய்விடும். தடைக்காலத்துக்கு வெளியே சேர்ந்தால் கூட்டம் குறைவு, அறைக்குள் அதிக முறை போகலாம். பணம் கட்டுவதற்கு முன் அந்தக் குளிர் அறைக்குள் போய், கதவைச் சாத்தச் சொல்லி, உள்ளிருந்து நீங்களே திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால், தாழை மாற்றிய பிறகு வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள்.